மெஷின் லேர்னிங் ஆய்வு வேலை வேண்டுமா?

ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் அல்காரிதம், மெஷின் லேர்னிங் சார்ந்த ஆய்வு வேலைகள் பெரும்பாலும் ஒரு பேராசிரியரின் புராஜெக்ட் நிதியில் வருபவை. நாளிதழ் விளம்பரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய வேலைகளை அறிவிக்கும் ஐ.சி. அண்ட் எஸ்.ஆர். பிரிவின் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

மத்திய அரசு நிதியில் வரும் ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ (ஜே.ஆர்.எஃப்.) பணிக்குப் பொதுவாக நெட், கேட் போன்ற தேசியத் தேர்வு ஒன்றில் தேர்ச்சி வேண்டும். இதற்கான உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. கேட் தேர்வில் 2024 முதல் டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.க்கென்றே தனித் தாள் இருக்கிறது. மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும்.

பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதியும் கேட்கலாம்; ஆனால் எல்லோருக்கும் ஒரே மெயிலை அனுப்புவது வீண். நீங்கள் எழுதப்போகும் பேராசிரியரின் சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படியுங்கள். அதிலுள்ள முறையை பைத்தானில் நீங்களே எழுதி ஓட்டிப் பாருங்கள். எந்த டேட்டாவில் துல்லியம் குறைந்தது, ஏன் என்று நினைக்கிறீர்கள் என்பதை நான்கு வரியில் எழுதி, கிட்ஹப் இணைப்பும் கொடுங்கள். பத்து சான்றிதழ்களைவிட இது அதிகம் பேசும். நேர்காணலுக்கு நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் கைவசம் இருக்கட்டும்.

புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். நிதி எத்தனை மாதத்துக்கு, பிஎச்.டி. பதிவு செய்யலாமா, கட்டுரையில் உங்கள் பெயர் வருமா என்பதைச் சேரும் முன்பே தயங்காமல் கேட்டுவிடுங்கள்.