கிடங்கின் ஜாபிதாவும் கடையின் வழியும்

கோயம்புத்தூர்

சிரஞ்சீவி அம்மிணிக்கு அப்புச்சியின் அநேக ஆசீர்வாதங்கள்.

ஈரோட்டில் இருந்துகொண்டு நீ இணையத்தில் திறந்திருக்கும் கைத்தறிக் கடையைப் பார்த்து அபிப்பிராயம் எழுதும்படி கேட்டிருந்தாய். மூன்று நாள் சாவகாசமாகப் பார்த்தேன். சரக்கைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. படங்களில் சாயம்கூட அசலாகவே விழுந்திருக்கிறது. ஆனால் உள்ளே நுழைந்தவன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத்தான் அந்தக் கடை அவனுக்குச் சொல்லவில்லை.

எங்கள் கதை, சென்னிமலை, பவானி, சிறுமுகை, நெகமம், புதுவரவு, பிற என்று உன் மெனுவில் ஏழு தலைப்புகள் நிற்கின்றன. இது எப்படி நேர்ந்திருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. சரக்கு எந்த ஊரிலிருந்து வந்து இறங்கியதோ அந்த ஊரின் பெயரை எழுதி ஒட்டிய அலமாரியில் அதை அடுக்கினாய். பிறகு அந்த அலமாரிகளின் வரிசையையே வாடிக்கைக்காரரின் கண்ணுக்கும் காட்டிவிட்டாய். கிடங்கின் ஜாபிதா வேறு, கடையின் வழி வேறு, அம்மிணி. ராஜவீதி என்றால் நகை, ரங்கே கவுடர் வீதி என்றால் மளிகை என்று நம் ஊரில் இடத்தின் பெயரே பொருளின் பெயராக நிற்பதைப் போல, சென்னிமலை என்ற மாத்திரத்தில் போர்வையும் பவானி என்ற மாத்திரத்தில் ஜமக்காளமும் நமக்கு ஞாபகம் வருவது வாஸ்தவமே. ஆனால் இந்தப் பழக்கம் நொய்யலுக்கும் காவிரிக்கும் இடையில் பிறந்து வளர்ந்த நமக்கு உள்ளதேயன்றி, ஜாம்ஷெட்பூரிலோ டொரண்டோவிலோ உட்கார்ந்து தன் வீட்டுக் கூடத்தில் விரிக்க ஒன்று தேடுகிறவருக்குப் பவானி என்பது ஒரு பெண்ணின் பெயராகத்தான் தோன்றும்.

ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் 1961-இல் விற்பனையாளனாகச் சேர்ந்த நான், என் உத்தியோக காலத்தில் பாதியை ஒரே ஒரு கேள்வியோடு மல்லுக்கு நின்று கழித்தேன் என்றால் நீ சிரிப்பாய். கோரா சேலையை எங்கே வைப்பது என்பதே அந்தக் கேள்வி. பட்டிழையும் பருத்தியிழையும் கலந்து நெய்த அந்தச் சேலையை, பட்டின் சம்பந்தம் இருக்கிறதே என்று முதலாளி மாடியில் பட்டுப் பிரிவில் வைக்கச் சொன்னார். கனமில்லாமல் உடுத்த ஒன்று வேண்டுமென்று வந்த பெண்களோ கீழே பருத்திப் பிரிவில் இருந்ததை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு வெளியேறினார்கள். மறு தீபாவளிக்கு அதைக் கீழே இறக்கினோம். அப்போது கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுக்க வந்தவர்கள் மாடியில் தேடி ஏமாந்தார்கள். கடைசியில் நானே காலையில் நாலு சேலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வருவதும், கடை சாத்தும் வேளையில் மேலே கொண்டுபோய் மடித்து வைப்பதுமாக அந்த வழக்கைத் தீர்த்துக்கொண்டேன்.

இதே வழக்கு புத்தகசாலைகளிலும் இருந்தது. 1892-இல் சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்கூட்டியே ஒரு கூட்டைச் செய்துவைத்து அதில் அதைத் திணிக்கும் அக்காலத்து வகைப்பாட்டு முறையில் திருப்தியடையாதவராய் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே செல்ஃப்ரிட்ஜ் என்னும் பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைக் கண்டார். துளையிட்ட சில தகடுகளையும் திருகாணிகளையும் வைத்துக்கொண்டே பாலம், பாரந்தூக்கி, வண்டி என்று எதை வேண்டுமானாலும் பூட்டலாம் என்பதைப் பார்த்த அவர் மனத்தில், ஒரு நூலின் பொருளையும் அப்படியே இடம், காலம், மூலப்பொருள் முதலிய பல முகங்களாகப் பிரித்து, தேவைக்கேற்ப இணைத்துக்கொள்ளலாமே என்ற யோசனை உதித்தது. 1933-இல் அது கோலன் பகுப்பு முறை என்ற நூலாக வெளிவந்தது. கடையில் பிறந்த யோசனை நூலகத்துக்குப் போய், இன்று உன் செல்போனில் ஃபில்டர் என்ற பெயரோடு மறுபடியும் கடைக்கே திரும்பியிருக்கிறது என்பதை நினைத்து நான் அடிக்கடி ஆச்சரியப்படுவதுண்டு. நான் தோளில் சுமந்த சேலையை நீ சுமக்க வேண்டியதில்லை. அது பட்டிலும் இருக்கலாம், பருத்தியிலும் இருக்கலாம், கல்யாணத்திலும் இருக்கலாம்.

ஆகவே மெனுவில் சேலை, போர்வை, ஜமக்காளம், துண்டு என்று மனிதர் கேட்டு வரும் பொருளின் பெயரையே வை. ஊர்ப்பெயர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. தெரிந்து கேட்கிறவருக்காக அவை ஃபில்டரில் இருக்கட்டும், நெய்தவர்களின் கதை பொருளின் பக்கத்திலேயே வரட்டும். எல்லாப் பொருளுக்கும் ஒரே ஃபில்டரை மாட்டிவிடாதே. சேலை வாங்குகிறவர் நிறமும் விலையும் பார்ப்பார். ஜமக்காளம் வாங்குகிறவருக்கு அடிக்கணக்கு முதலில் வேண்டும், அதையும்விட எத்தனை பேர் உட்காரலாம் என்று தெரிந்தால் மனம் நிம்மதியடையும். "பிற" என்ற தலைப்பைத் தயவுசெய்து எடுத்துவிடு. எங்கே வைப்பதென்று யோசிக்கச் சோம்பியவன் கட்டிய மூட்டை அது, அதை அவிழ்த்துப் பார்க்க வாடிக்கைக்காரருக்கு என்ன தலையெழுத்து?

சொற்களிலும் ஒரு சங்கடம் உண்டு. நம்மவர்கள் பெட்ஷீட் என்று சொல்லி அதைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். வடக்கே உள்ளவர் அதே சொல்லைக் கேட்டுக் கட்டிலில் விரிக்கும் துணியை எதிர்பார்க்கிறார். விரிக்கவா, போர்த்தவா என்பதைத் தலைப்பிலேயே தெளிவாக எழுது. ஜமக்காளம் என்றும் ஜமுக்காளம் என்றும் தேடுகிற இருவருக்கும் உன் தேடல் பெட்டி ஒரே பதிலைக் கொடுக்க வேண்டும்.

திருப்பி அனுப்பும் விதிகளை நீ அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறாய். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, திருப்புதல், பணம் திரும்பக் கொடுத்தல், அனுப்பும் முறை, குறைதீர்க்கும் அலுவலரின் பெயர், அவரைத் தொடர்புகொள்ளும் விவரம் யாவும் தெளிவாகக் கண்ணில் படவேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். சட்டம் கிடக்கட்டும். "சாயம் போனால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி விலையைப் பார்க்கும் அந்த க்ஷணத்தில்தான் எழுகிறது, ஆகையால் பதிலும் விலைக்குக் கீழே ஒரு வரியாக இருந்து, விவரமான பக்கத்துக்கு அங்கிருந்தே கொண்டுபோகட்டும். "எங்கள் கதை" மெனுவில் கடைசியாக நிற்கலாம். வந்தவரை வாசலில் நிறுத்திப் பூர்வோத்தரம் சொல்வது நம் வழக்கமில்லையே.

தலைப்புகளை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய். உன் சரக்கு ஒவ்வொன்றின் பெயரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, திண்ணையில் பரப்பி, இந்த வியாபாரத்தோடு சம்பந்தமே இல்லாத ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, எதெது சேர்ந்திருக்க வேண்டுமோ அப்படி அடுக்கச் சொல். வாயைத் திறக்காதே, அவர்கள் தயங்கும் சீட்டை மட்டும் தனியே குறித்துக்கொள்.

இங்கே உன் அம்முச்சியிடம் போனைக் கொடுத்து, எட்டுப் பேர் உட்காரும்படியான ஜமக்காளம் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொன்னேன். மூலையில் இருக்கும் அந்த மூன்று கோடுகள் மெனு என்பதே அவளுக்குத் தெரியவில்லை; சொல்லிக்கொடுத்த பிறகு நெகமத்தைத் திறந்தாள், மூடினாள், சிறுமுகையைத் திறந்தாள், பிறகு போனை என் மடியில் வைத்துவிட்டு, "இதுல கடைக்காரங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை ஈரோடு வருகிறோம். அவளையும் உன் திண்ணைச் சீட்டுகளுக்கு முன்னால் உட்கார வை.

இப்படிக்கு,
அப்புச்சி