கப்பல் ஏறும் முன் சிங்கப்பூரில் ஓர் இரவு

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பலில் போகிறீர்களா? முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்; விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அந்த ஓர் இரவுக்கு மரினா பே பக்கம் அறை தேடாதீர்கள். கடல் தெரிகிற ஜன்னலுக்குத்தான் அங்கே காசு. மறுநாள் முதல் கடலைத்தானே பார்க்கப் போகிறீர்கள்!

லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் சிறு ஓட்டல்கள் நிறைய. இட்லி, தோசைக்கும் அலைய வேண்டாம். கப்பல் எந்த முனையத்திலிருந்து கிளம்புகிறது என்பதை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்பர்ஃபிரண்ட் என்றால் ஊதாத் தடத்தில் நேர் ரயில். மரினா பே முனையம் என்றால் அதே ஊதாத் தடத்தில் போய், டோபி காட் நிலையத்தில் சிவப்புத் தடத்துக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கி நடக்கலாம். பெட்டிகள் அதிகமென்றால் டாக்சியே மேல்.

வாடகைக்குப் பக்கத்தில் ‘++’ இருக்கிறதா என்று கவனியுங்கள். 10% சேவைக் கட்டணமும் அதன்மேல் 9% வரியும் சேரும். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அறை கிட்டத்தட்ட 120 வெள்ளியாகிவிடும். மலிவான அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. ஓர் இரவுதானே, சமாளிக்கலாம்; மூச்சு முட்டும் என்பவர்கள் விவரத்தைப் படித்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

ஃபார்முலா ஒன் கார் பந்தய வாரத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அப்போது வாடகை எகிறிவிடும். பயணத் தேதியையே மாற்றுவது உத்தமம்.