பாதை ஓடாத நாளில் வீட்டை இடிக்கலாமா?

“கொம்பியூட்டர்ல இருந்த சொப்ட்வெயார் எல்லாம் போயிட்டுது தம்பி. போமட் அடிச்சுத் தாங்க.”

கல்லடியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு வாரத்தில் இரண்டு தடவையாவது இந்த வசனம் காதில் விழும். வருகிறவர் நோயையும் தானே சொல்லி மருந்தையும் தானே எழுதிவிடுகிறார். அநேகமாக இரண்டுமே பிழை.

விண்டோஸ் கணினியில் ஒரு புரோகிராமுக்கு இரண்டு இருப்பிடம் உண்டு. அதன் உடம்பு பெரும்பாலும் ‘புரோகிராம் பைல்ஸ்’ போல்டரில், எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. உங்களுக்காக அது வைத்திருக்கும் ஞாபகங்கள், அதாவது எந்தப் பிரிண்டர், எந்த மொழி, கடைசியாகத் திறந்த கோப்பு எது என்பதெல்லாம், ‘யூசர்ஸ்’ போல்டருக்குள் உங்கள் பெயரில் உள்ள தனி அறையில் இருக்கின்றன. அந்த அறைதான் யூசர் புரொபைல். அதற்குள் ‘ஆப்டேட்டா’ என்று ஒரு மறைவான போல்டர், ‘என்டியூசர்’ என்று ஒரு கோப்பு. நீங்கள் பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போகும்போது விண்டோஸ் அந்தக் கோப்பைத் திறந்து, தன் அமைப்புக் குறிப்பேடான ரெஜிஸ்ட்ரியில் உங்களுக்குரிய பகுதியாக ஏற்றிக்கொள்கிறது.

குருக்கள்மடத்தில் நின்று அம்பிளாந்துறைக்குப் பாதை ஏறுகிறவருக்கு மிச்சத்தைச் சொல்வது லேசு. (வெளியூர் வாசகருக்கு: மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கம் ‘பாதை’ என்போம்; வாவியின் மேற்குக் கரை படுவான்கரை, கிழக்குக் கரை எழுவான்கரை.) படுவான்கரையில் வீடு இருக்கிறது, எழுவான்கரையில் ஆள் நிற்கிறார், பாதைதான் ஓடவில்லை. அதற்காக வீடு போய்விட்டது என்று ஒருவரும் ஒப்பாரி வைப்பதில்லை. கணினி விசயத்தில் மட்டும் வைக்கிறோம்.

“டெஸ்க்டொப் வெறுமையாக் கிடக்கு, எல்லாம் அழிஞ்சிட்டுது”

அழியவில்லை. உங்கள் அறையைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் உங்களை ஒரு தற்காலிக அறையில் இருத்துகிறது. உங்கள் கணக்கில் நுழைய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவிப்பும் காட்டும். அதை ஆறுதலாக வாசிக்கிறவரை நான் இன்னும் காணவில்லை. பழைய போல்டர் பெரும்பாலும் ‘யூசர்ஸ்’ உள்ளேயே பத்திரமாக இருக்கும்.

ஆபத்து வேறிடத்தில். தற்காலிக அறையில் நீங்கள் சேமிப்பதெல்லாம் வெளியேறும்போது துடைக்கப்படும். ஒரு ஆசிரியை, திரையில் படம் மாறியிருப்பதைப் பார்த்தும் பொருட்படுத்தாமல், மூன்றாம் தவணை வினாத்தாளை இரவிரவாக அடித்து டெஸ்க்டொப்பில் சேமித்துவிட்டு கணினியை நிறுத்தினார். பழைய கோப்புகள் அத்தனையும் மீண்டன. அந்த வினாத்தாள் மட்டும் மீளவில்லை.

2020 பெப்ரவரியில் விண்டோஸ் 10க்கு வந்த ஒரு அப்டேட் உலகம் முழுக்கப் பலரை இப்படித் தற்காலிக அறைக்குள் தள்ளியது. கோப்பு போயிற்று என்று கூச்சல் எழுந்தது. பலருடைய பழைய போல்டரோ பெயருக்கு வால் முளைத்து அதே இடத்தில் கிடந்தது. நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: 2018 ஒக்டோபர் அப்டேட்டில் சிலருடைய கோப்புகள் மெய்யாகவே அழிந்தன, மைக்ரோசொப்ட் சில நாட்களில் அதை நிறுத்திவைத்தது. ஆகவே பயப்படுவதில் தவறில்லை. பார்க்காமல் பயப்படுவதுதான் தவறு.

“அந்தப் புரோகிராமைக் கழற்றித் திரும்பப் போட்டாச் சரிவரும்”

அம்பிளாந்துறை வீட்டை இடித்துத் திரும்பக் கட்டினால் பாதை ஓடத் தொடங்குமா? புரோகிராமைக் கழற்றும்போது உடம்பு போகிறது; ஆப்டேட்டாவில் உள்ள ஞாபகம் பெரும்பாலும் அப்படியே தங்குகிறது. புதிதாகப் போட்டதும் அது அதே கெட்ட ஞாபகத்தை வாசித்து அதே இடத்தில் விழுகிறது. மூன்று தரம் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முன் பத்து நிமிட வேலை ஒன்று உண்டு. செட்டிங்ஸில் புதிய யூசர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைந்து, அதே புரோகிராமைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் புரோகிராமில் குற்றமில்லை, உங்கள் அறையில்தான் குற்றம். அங்கேயும் விழுந்தால் மட்டும் கழற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

“பாமினி போயிட்டுது, பைலும் பழுதாப் போச்சு”

இது எங்கள் ஊருக்கே உரிய முறைப்பாடு. கொமியுனிகேஷன் கடைகளிலும் காரியாலயங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் ஓய்வு பெறவில்லை. பாமினி யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்திய ஏற்பாடு. போர்வை இல்லாவிட்டால் ‘அம்மா’ என்று அடித்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

போர்வை எங்கே போனது? விண்டோஸ் 10இன் 2018 ஒக்டோபர் பதிப்பிலிருந்து, எழுத்துருவைத் திறந்து ‘இன்ஸ்டோல்’ அழுத்தினால் அது அந்த யூசருடைய ஆப்டேட்டாவுக்குள்தான் போகிறது. காலையில் வேலை செய்கிற பிள்ளை தன் கணக்கில் பாமினி போட்டிருக்கும். பின்னேரம் இன்னொரு கணக்கில் வருகிற தம்பிக்கு அது இல்லை. இருவரும் ஒருவரையொருவர் குறை சொல்வார்கள். எழுத்துருவின் மேல் வலது கிளிக் செய்து ‘எல்லா யூசருக்கும் இன்ஸ்டோல்’ என்பதைக் கொடுத்தால் சண்டை முடிந்தது. சில பழைய புரோகிராம்களுக்குத் தனி அறையில் உள்ள எழுத்துரு கண்ணுக்கே தெரியாது, அவற்றுக்கும் இதுவே வழி.

“கரண்ட் போனதுதான் காரணம்”

பாதி மெய். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்த நாடு இது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் இலங்கை முழுக்க இருண்டது. குரங்கின் மேல் பழிபோட்டு என் கடைக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரி மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதிவிட்டுத்தான் மூலக் கோப்பில் சேர்க்கிறது. அதனால் ஒவ்வொரு மின்வெட்டும் புரொபைலை உடைப்பதில்லை. ஒரே கணினியில் மாதத்துக்கு ஒரு தரம் உடைந்தால் டிஸ்கைச் சோதியுங்கள். அது செத்துக்கொண்டிருக்கலாம்.

“யூசர் போல்டர்ட பெயரை மாத்தினாப் போதும்”

தயவுசெய்து வேண்டாம். கணக்கின் பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், போல்டர் பழைய பெயரிலேயே இருக்கும். கையால் அதை மாற்றினாலோ அழித்தாலோ, ரெஜிஸ்ட்ரியில் உள்ள முகவரிப் பட்டியல் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அடுத்த தரம் தற்காலிக அறைதான். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களும் இதைத் திருத்துவதில்லை.

சரி, அறை மெய்யாகவே பழுதென்றால்? முதலில் கணினியை இரண்டொரு தரம் மீளத் தொடங்கிப் பாருங்கள். சிலவேளை அதிலேயே திரும்பிவிடும். மறுகாவும் வராவிட்டால் புதிய கணக்கு உருவாக்கி, மூன்றாவதான ஒரு அட்மின் கணக்கிலிருந்து பழைய கோப்புகளைக் கொப்பி பண்ணுங்கள். என்டியூசர் என்று தொடங்கும் கோப்புகளை மட்டும் விட்டுவிடுங்கள், அவற்றோடு நோயும் கூட வரும். பொதுவில் உள்ள புரோகிராம்கள் புதிய கணக்கில் தானாகவே இருக்கும். சூம், டெலிகிராம் போல அறைக்குள்ளேயே குடியிருப்பவற்றைத் திரும்பப் போட வேண்டும். குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் பழைய கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை, போல்டரைக் கொப்பி பண்ணினாலும் திறக்காது. பழைய கணக்கு திறக்கும் நிலையில் இருக்கும்போதே அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். பழைய அறையை ஒரு மாதமாவது அழிக்காதீர்கள்.

இத்தனையும் செய்து, ஒரு கோப்புக் குறையாமல் ஒருவருக்குக் கணினியைத் திருப்பிக் கொடுத்தேன். பேரப்பிள்ளையின் படம் திரையில் இல்லை, புதுக் கணக்கின் நீலநிறப் பின்னணிதான் இருந்தது. அவர் ஒரு நிமிசம் பார்த்தார்.

“போமட் அடிச்சிட்டீங்க, என்ன தம்பி?”