ஊமையான ஆம்பிளிபையர்

ஸ்பீக்கர் கம்பியின் நுனியைப் பல்லால் கடித்து உறையை நீக்கி, முறுக்கியும் முறுக்காமலும் ஆம்பிளிபையரின் பின்புறம் செருகுவது விடுதி அறைகளில் அன்றாடம் நடக்கும் காரியம். மயிரிழை போன்ற செப்பு நரம்பு ஒன்று பிரிந்து அடுத்த முனையைத் தொட்டுவிட்டால் போதும். 'டப்' என்றொரு ஓசை. பிறகு பாட்டும் இல்லை, விளக்கும் இல்லை. உருகு கம்பியை மாற்றுகிறோம், அதுவும் போகிறது. மூன்றாவது முறை, தடித்த கம்பியைத் திரித்து வைத்துவிடலாம் என்று ஒரு நண்பர் யோசனை கூறுவார். அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு மேலே படியுங்கள். உருகு கம்பி போகாவிட்டால் டிரான்ஸ்பார்மர் எரியும். அந்தப் பெட்டியோ பெரும்பாலும் மெத்தையின் அருகில்தான் இருக்கிறது.

(ஆம்பிளிபையர், ஸ்பீக்கர் இரண்டையுமே தமிழில் ஒலிபெருக்கி என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் நேராதிருக்க இங்கே வழக்குப் பெயர்களையே ஆளுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள்க.)

உள்ளே நடந்ததென்ன? +35, -35 வோல்ட்டில் இயங்கும் ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 8 ஓம் ஸ்பீக்கர் இருக்கையில், உச்ச நிலையிலும் ஏறத்தாழ 4.4 ஆம்பியருக்கு மேல் ஓடாது. ஷார்ட் ஆனதும் அந்த 8 ஓம் மறைந்துபோகிறது. எமிட்டரில் உள்ள 0.22 ஓம் போன்ற சிறு மின்தடைதான் எஞ்சுகிறது. பெரிய மின்தேக்கிகள் தம்மிடம் உள்ள மின்சாரம் முழுவதையும் டிரான்சிஸ்டர் வழியே கொட்டுகின்றன. உருகு கம்பி காய்ந்து உருகச் சற்று நேரம் பிடிக்கும். மெல்லிய சிலிக்கன் துண்டுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. டிரான்சிஸ்டர் தன் உயிரைக் கொடுத்து உருகு கம்பியைக் காப்பாற்றும் என்று பழுதுபார்ப்போர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இறந்த டிரான்சிஸ்டர் சும்மா கிடப்பதில்லை. பெரும்பாலும் அதன் கலெக்டரும் எமிட்டரும் ஒன்றாகிவிடும். அப்போது 35 வோல்ட் நேர்மின்சாரம் அப்படியே ஸ்பீக்கருக்குப் போகும். 8 ஓம் ஸ்பீக்கரின் சுருள் நேர்மின்சாரத்துக்குச் சுமார் 6 ஓம்தான். 200 வாட் வெப்பத்தில் அது கருகிப்போகும். ஆகவே, பழுது பார்த்து முடியும்வரை ஸ்பீக்கரைக் கழற்றி வையுங்கள்.

எல்லாக் கருவியும் இப்படி மாய்வதில்லை. டி.டி.ஏ. 2030 போன்ற ஐ.சி.களுக்குள்ளேயே ஷார்ட்டிலிருந்து காக்கும் ஏற்பாடு உண்டு. கம்பியைச் சரிசெய்து, ஆறவிட்டுப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பாடும்.

பாடாவிட்டால் பிளக்கைப் பிடுங்குக. பிடுங்கியபின்னும் மின்தேக்கிகளில் மின்சாரம் நிற்கும். 100 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை ஒவ்வொரு மின்தேக்கியின் குறுக்கேயும் சில விநாடி வைத்து அதை இறக்கிவிடுக. ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடுவது வீரமன்று.

பிறகு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து டிரான்சிஸ்டர்களைச் சோதிப்போம். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டவேண்டும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே பூஜ்யம் காட்டினால் அது செத்தது. ஐயமிருந்தால் பலகையிலிருந்து கழற்றி அளந்து பாருங்கள். பெரிய டிரான்சிஸ்டரோடு நின்றுவிடக் கூடாது. அதை ஓட்டும் டிரைவர், எமிட்டர் மின்தடை, பேஸ் மின்தடை ஆகியவற்றையும் பார்த்தாகவேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் அது புதியதையும் கொன்றுவிடும்.

2 எஸ்.சி. 5200, 2 எஸ்.ஏ. 1943 ஜோடியில் போலிகள் மலிந்துள்ளன. தில்லி லஜபத்ராய் மார்க்கெட்டானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும் விலை மிகக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். மாட்டும்போது வெப்பத்தகட்டுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையே இருந்த காக்காய்ப்பொன் தகட்டை மறவாமல் வையுங்கள். கலெக்டர் அதன் உலோக முதுகோடு இணைந்தது. தகடு இல்லையேல் மீண்டும் ஷார்ட்தான்.

இனி, சீரீஸ் விளக்கு. 230 வோல்ட், 100 வாட் இழை விளக்கு ஒன்றை ஆம்பிளிபையருக்குப் போகும் மின்கம்பியில் தொடராக இணைக்கவேண்டும். எரியும்போது அதன் தடை 529 ஓம். குளிர்ந்திருக்கையில் அதில் பதினைந்தில் ஒரு பங்கே. கருவி நலமாயிருந்தால் மின்தேக்கிகள் நிரம்பும்வரை விளக்கு பளிச்சிட்டு மங்கிவிடும். உள்ளே ஷார்ட் மிச்சமிருந்தால் பிரகாசமாகவே எரியும். பளுவை விளக்கே தாங்கிக்கொள்வதால் புதிய டிரான்சிஸ்டர் பிழைக்கும். எல்.இ.டி. விளக்கு இதற்கு உதவாது. விளக்கின் இணைப்புகளிலும் வீட்டு மின்சாரம் ஓடுகிறது. திறந்த கம்பியைத் தொடாதீர்கள்.

விளக்கு மங்கியபின் ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின் அழுத்தத்தை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. வோல்ட் கணக்கில் இருந்தால் பழுது இன்னும் உள்ளேயே இருக்கிறது. நல்ல அளவு கிடைத்தபின் விளக்கை நீக்கி, சரியான உருகு கம்பி வைத்து, மறுபடியும் அளந்துகொண்டு, முதலில் பழைய ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி மெல்லிய ஒலியில் பாடவிடுங்கள். கம்பி நுனியை நன்கு முறுக்கி, உறை நீங்கிய பகுதி முனைக்கு வெளியே நீளாதபடி வெட்டிச் செருகுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு.