எதிர்க்கரையிலிருந்து அமெரிக்கா

ரொறன்ரோவில் குடியேறிய எங்களவர் வீட்டுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ உறவினர் வந்திறங்கினால், பயணக் களைப்புத் தீருமுன்னரே அவர்களை நயாகராவுக்கு அழைத்துச் செல்வது இங்கே எழுதாச் சம்பிரதாயம். அவர்களுள் அநேகரிடம் அமெரிக்க விசா இராது. ஆயினும், நதிக்கு அப்பால் நட்சத்திரக் கொடி பறக்கும் கரை பின்னணியில் தெரிய ஒரு படம் வேண்டும் என்ற ஆவலுக்கு மட்டும் குறைவே இராது. புகைப்படம் எடுப்பதே ஜீவனோபாயமாகிவிட்டபடியால், அந்தக் கைங்கரியம் பெரும்பாலும் என் தலையில்தான் விழும்.

விசா இல்லையே என்று இதற்காக விசனப்பட வேண்டியதில்லை. நயாகராவின் அமெரிக்க அருவி தன் தேசத்துக்கு முதுகைக் காட்டி, முகத்தைக் கனடாவுக்கே திருப்பிக்கொண்டு விழுகிறது. இங்கே வந்து படமெடுப்பது புதிய வழக்கமும் அன்று: 1840இல் ஹியூ லீ பாட்டின்சன் என்ற ஆங்கிலேய ரசாயன விற்பன்னர் டாகுரோடைப் என்னும் ஆதிப் புகைப்பட முறையில் நயாகராவை எடுத்த படங்கள்தாம், கனடாவில் எடுக்கப்பட்டவற்றுள் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழையவை.

கூட்டத்துக்கு அஞ்சி விடியற்காலையிலேயே ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து புறப்படுவோர் உண்டு. ஆனால், காலையில் சூரியன் அருவிக்குப் பின்னால் இருப்பதால் நீர் கறுத்து, ஆகாயம் வெளிறிப்போகும். ஆகவே, மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே கரைக்குப் போங்கள். வெயில் நம் முதுகுக்குப் பின்னால் வந்து மேற்கே சாயச் சாய, பள்ளத்தில் கிடந்த வானவில் மெல்ல எழும்பி அமெரிக்க அருவியின் மேல் வளையும். அந்நேரம் லென்ஸில் போலரைசர் என்னும் வடிகட்டி இருந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் வானவில் துலங்கும், இன்னொரு நிலையில் அடியோடு மறைந்துவிடும். நுரையின் வெண்மையைக் கண்டு மயங்கும் கருவி படத்தை இருட்டாக்கும் ஆதலால், எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டிவிடுவது நலம். துவலை தெறித்த லென்ஸைத் துடைக்க, துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துண்டுக்கு இணை நான் கண்டதில்லை.

ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்து நீரைப் பட்டுச் சேலையாக்கும் நாகரிகத்தில் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்க அருவியின் தனித்தன்மை அதன் அடிவாரத்தில் சரிந்து கிடக்கும் பாறைக் குவியலே; அதில் நீர் மோதிச் சிதறுவது அந்தப் பட்டில் தெரியாது. 1969இல் அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் மேலே அணைகட்டி, அவ்வருவியைச் சில மாதங்கள் அறவே நிறுத்தி அப்பாறைகளை ஆராய்ந்தனர். அக்காலத்துப் படங்களில், விளம்பர அட்டைகளில் நாம் காணும் கம்பீரமெல்லாம் வடிந்து, வெறும் மலைமுகம் நிற்கிறது. அதைக் கண்ட பிறகு, செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு வேகத்தில், துளிகள் பாறையில் சிதறும் கணத்தையே நான் தேடுகிறேன். அளவு புரிவதற்குப் படகொன்று சட்டத்துக்குள் வரும்வரை காத்திருப்பேன். கனடாப் படகுக்காரர் சிவப்பு மழையங்கியும் அமெரிக்கப் படகுக்காரர் நீல அங்கியும் பயணிகளுக்குக் கொடுப்பதால், எல்லைக்கோடு எதுவும் வரையாமலே இரு தேசங்களும் ஒரே படத்தில் அமைந்துவிடும்.

எஞ்சுவது உறவினர் படம். மாலை வெயில் முகத்திலடித்தால் கண் கூசும் ஆதலால், அருவியைப் பார்த்தபடி சற்றே பக்கவாட்டில் நிற்கச் சொல்வேன். "தம்பி, முகம் தெரியாத படத்தை ஊருக்கு அனுப்பி என்ன பிரயோசனம்?" என்பார் மாமி. அவர் விருப்பப்படி நேரே நிறுத்தி ஒன்றும், என் விருப்பப்படி ஒன்றும் எடுப்பேன். ஊருக்குப் போவது என்னவோ, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் முதலாவது படம்தான்.