வரவு குறையாத பிள்ளை

அன்பு மருமகனுக்கு,

கணக்கீட்டில் ரிபீட் விழுந்ததை வீட்டில் மறைத்து எனக்கு மட்டும் எழுதியிருக்கிறாய். ஒருவருக்காவது சொன்னாயே, அதுவே போதும்.

வெட்கமாக இருக்கிறது என்கிறாய். நீ படிக்கும் கெம்பஸ் எப்படி வந்தது தெரியுமா? யுத்தத்தால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் படிப்பைத் தொடர முடியாமல் நம் பிள்ளைகள் வீட்டில் முடங்கிக் கிடந்த காலம் அது. அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அடுத்த வருடமே அது பல்கலைக்கழகமானது. படிப்பு அறுந்தவர்களை மனத்தில் வைத்து எழுந்த இடத்தில், தடுமாறுகிறேன் என்று சொல்ல என்ன வெட்கம்?

தடுமாறுகிறவர் வந்து சொல்லும்வரை காத்திராத இடங்களும் உண்டு. அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல் ஒவ்வொரு மாணவரிடமும் 800க்கு மேற்பட்ட அறிகுறிகளைக் கணினியால் கவனிக்கிறது. அடிப்படைப் பாடமொன்றில் புள்ளி சரிந்தாலே ஆலோசகர் கூப்பிட்டுப் பேசுவார். கட்டணத்தில் சிறு தொகை குறைந்து படிப்பு நிற்கப் போகிறவருக்குப் பல்கலைக்கழகமே அதைக் கொடுத்து உதவுகிறது.

நம்மிடம் பெரும்பாலும் இருப்பது வரவுப் பதிவேடு. 80 வீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வராதவனை அது காட்டிக்கொடுக்கும். ஒருநாளும் தவறாமல் வந்து, கடைசி வாங்கில் இருந்து, ஆங்கில விரிவுரை விளங்காமல் கொப்பியை மட்டும் நிரப்புகிறவனைக் காட்டாது. என்னோடு படித்த ஒருவன் அப்படித்தான் இருந்தான். வரவு குறையவேயில்லை. இரண்டாம் வருடம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனான். பக்கத்தில் இருந்த நானும் கேட்கவில்லை.

ஆகவே நீதான் வாய் திறக்க வேண்டும். மாணவர் ஆலோசகர் என்று ஒரு சேர் இருப்பார். இந்தக் கிழமையே போய்ப் பார். எந்தப் பாடத்தில், எந்த இடத்திலிருந்து விளங்கவில்லை என்று எழுதிக்கொண்டு போ. ரிபீட் எழுதிச் சித்தியடைந்த ஒரு சீனியரைப் பிடி. செலவுக்குத் தட்டுப்பாடென்றால் அதையும் மறைக்காதே. மகாபொல புலமைப்பரிசில் தவிர வேறு நிதியுதவிகளும் உண்டு.

வாப்பாவிடம் நான் சொல்லமாட்டேன், நீயே சொல். மருதமுனையில் இத்தனை வருடம் தறியில் இருந்தவர் அவர். பாவு நூல் ஒன்று அறுந்தால் அந்த இடத்திலேயே தறியை நிறுத்தி முடிச்சுப் போடுவார். கவனியாமல் நெய்தால் சாரன் முழுக்கக் கோடு ஓடும் என்பது அவருக்குத் தெரியும். உன்னை ஏசமாட்டார். எப்போது அறுந்தது என்றுதான் கேட்பார்.

இப்படிக்கு,
மாமா