உழவு இயந்திரத்துக்கு ஏற்ற புதுப் பற்றரியைத் தெரிவு செய்தல்

காலபோக மழை தொடங்கி மண் பதம் கண்டதும் உழவு வேலை நெருக்கத்தில் வந்துவிடுகின்றது. குளத்து நீர் திறக்கும் நாளும் விதைப்பு முடிக்கவேண்டிய நாளும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கும். அவ்வேளையில் நான்கு சக்கர உழவு இயந்திரம் தொடங்க மறுத்தால், அயல் வயல்கள் விதைத்து முடிய நம் வயல் பிந்திவிடும். அவசரத்தில் கைக்குக் கிடைத்த பற்றரியை வாங்கிப் பூட்டுவோரும் உளர். பற்றரியின் விலை சிறிதன்று. ஆதலால் மாற்றுவதற்கு முன்னர், மாற்றுவது அவசியந்தானா என்பதையும், எது பொருந்தும் என்பதையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பழைய பற்றரியைச் சோதித்தல்

இயந்திரம் தொடங்காமைக்குப் பற்றரி ஒன்றே காரணமன்று. பின்வருவனவற்றை முதலிற் பார்க்க.

(அ) முனைகளிற் படிந்துள்ள வெண்ணிற அல்லது பச்சை நிறப் பூப்பைச் சுடுநீரினாற் கழுவி, துலக்கி, கவ்விகளை இறுக்குக. பலவேளைகளில் இதுவே போதும்.

(ஆ) இயந்திரத்தை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து வோல்ற்றுமானியால் அளக்க. 12.6 வோல்ற்று அளவிற் காட்டின் முழு மின்னேற்றம் உண்டு, 12.2 எனின் பாதியளவே உண்டு.

(இ) இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ற்று வரை காட்டவேண்டும். காட்டாவிடின் குறை மின்பிறப்பாக்கியிலோ அதன் பட்டியிலோ உள்ளது. இக்குறையைத் திருத்தாது புதுப் பற்றரி பூட்டினால் அதுவும் சில நாட்களில் இறங்கிவிடும்.

(ஈ) மூடி திறக்கக்கூடிய பற்றரியாயின் ஆறு அறைகளிலும் அமிலத்தின் சாரடர்த்தியை அளக்க. முழு மின்னேற்றத்தில் அது 1.26 முதல் 1.28 வரை இருக்கும். மின்னேற்றிய பின்னரும் ஓர் அறை மாத்திரம் ஏனையவற்றிலும் மிகக் குறைந்து நிற்பின் அந்த அறை கெட்டது. அப்பற்றரியை மாற்றவே வேண்டும்.

வாங்கும்போது பார்க்கவேண்டிய ஐந்து

1. வோல்ற்று: பெரும்பாலான உழவு இயந்திரங்கள் 12 வோல்ற்றில் இயங்குவன. இரு பற்றரிகள் பூட்டப்பட்டிருப்பின், அவை தொடராக இணைந்தனவா பக்கம் பக்கமாக இணைந்தனவா என்பதைக் குறித்துக்கொள்க. தொடராயின் வோல்ற்றும், பக்கமாயின் கொள்ளளவும் கூடும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றின் பழையது புதியதையும் கெடுக்கும். ஒரே வகையான இரண்டையும் ஒருங்கே மாற்றுக.

2. கொள்ளளவு: இது அம்பியர்மணியிற் குறிக்கப்படும். 80 அம்பியர்மணிப் பற்றரி 4 அம்பியர் மின்னை 20 மணி நேரம் தரவல்லது. இயந்திரத்தின் கைந்நூலிற் கூறிய அளவிலும் குறைந்ததை வாங்கற்க.

3. தொடக்க வலு: டீசல் இயந்திரத்தில் காற்று மிகவும் அமுக்கப்படுவதால் ஸ்ராட்டர் மோட்டர் சில விநாடிகளுக்குப் பெருமின்னை இழுக்கின்றது. இவ்வலு பற்றரியின் முகப்பில் அம்பியராகத் தனியே எழுதப்பட்டிருக்கும். அம்பியர்மணி ஒத்திருந்தும் இவ்வலு குறைந்த பற்றரிகள் உள. பெற்றோல் காருக்கென அமைந்த சிறு பற்றரி விலை குறைவாயினும் இவ்வேலைக்கு ஆகாது. கைந்நூலிற் கூறியதிலும் சிறிது கூடிய வலு தீங்கு செய்யாது.

4. பருமனும் முனைகளும்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து செல்க. நேர்முனை வலப்புறமா இடப்புறமா என்பதையும் பார்க்க. மாறியிருப்பின் கம்பி எட்டாது. இழுத்துப் பூட்டின் தவறான முனையிற் படவும் கூடும்.

5. செய்த திகதி: பற்றரி கடையில் இருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கும், வெப்பம் மிகுந்த வலயங்களில் இது விரைவாக நிகழும். கூடிய அண்மையிற் செய்யப்பட்டதைக் கேட்டு வாங்குக. உத்தரவாதச் சீட்டில் விற்ற திகதியை எழுதுவித்துக்கொள்க.

பூட்டும் முறை

கழற்றும்போது உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றுக. பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக. இக்காலத்து இயந்திரங்களில் உடலோடு இணைந்திருப்பது மறைமுனை. பழைய பிரித்தானிய இயந்திரங்கள் சிலவற்றில் நேர்முனை அவ்வாறு இணைந்திருக்கும். ஆதலாற் கழற்றுமுன் பார்த்து வைக்க. உழவின் அதிர்ச்சி உள்ளேயுள்ள தகடுகளை உதிர்க்கும் ஆதலின், பற்றரி அசையாவண்ணம் பிடிப்பை இறுக்குக. மின்னேறும் பற்றரியிலிருந்து எரியும் வாயு வெளிவரும். அருகே பீடி, தீக்குச்சி முதலியன ஆகா.

போகத்தின் பின்னர்

பற்றரிகள் பல கெடுவது வேலையினாலன்று, வேலையின்றிக் கிடப்பதினாலாகும். இறங்கிய நிலையிற் கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிவிடும். பின்னர் மின் ஏறாது. இயந்திரம் ஓடாத காலத்தில் மறைமுனையைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை மின்னேற்றுக. மின்னோட்டம் கொள்ளளவின் பத்திலொன்றாக, அதாவது 80 அம்பியர்மணிக்கு 8 அம்பியராக, இருத்தல் நன்று. திறக்கக்கூடிய பற்றரியில் தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரையே விடுக. கிணற்று நீர் கூடாது.

கழித்த பற்றரியை உடைத்து அமிலத்தை வரம்பிலோ கிணற்றருகிலோ ஊற்றற்க. அதிலுள்ள ஈயம் மண்ணில் நீடித்து நிற்கும் நஞ்சு. சிறுவர்க்கு மிகவும் கேடு விளைப்பது. அதனை உடையாமற் கடைக்கே கொண்டு செல்க. பழையதற்கு விலை கழித்துத் தரும் கடைகள் பல உள.

பற்றரியைச் சோதிக்கும் காலம் மழைக்கு முந்திய நாட்களே. கலப்பையும் வரம்பும் திருத்தும்போது இதனையும் சோதித்து முடிப்பின், விதைப்பு நாளில் இயந்திரம் தடையின்றித் தொடங்கும்.